தாமரை இலைக்குக் காப்புரிமை கிடைக்குமா?

மழையில் நனைந்த பருத்திச் சட்டை காய அரை நாள் ஆகிறது. பக்கத்திலேயே அதே கொடியில் தொங்கும் விளையாட்டு ஜெர்சி மட்டும் எப்படி அவ்வளவு சீக்கிரம் காய்ந்துவிடுகிறது? கொடியில் காயும் துணியைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி உங்களுக்குத் தோன்றியிருந்தால், சபாஷ்! நீங்கள் நல்ல கண்ணுள்ள பிள்ளைகள்.

இந்தக் கேள்வியோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்தே வருகிறது. தண்ணீரைத் தள்ளிவிடும் துணியை ஒருவர் கண்டுபிடித்தால், அந்த யோசனை யாருக்குச் சொந்தம்? இரண்டையும் இன்று பேசிவிடுவோம்.

முதலில் ஒரு சோதனை. கொல்லைப்புறத்திலோ வாய்க்கால் ஓரத்திலோ சேப்பங்கிழங்குச் செடி இருக்கிறதா என்று தேடுங்கள். அதன் இலையில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் பரவாது. உருண்டு திரண்டு நிற்கும். இலையைச் சற்றுச் சாய்த்தால் குடுகுடுவென்று ஓடி விழுந்துவிடும். சொட்டு நின்ற இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமே இருக்காது.

இப்போது அதே இலையில் ஓர் இடத்தைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தேயுங்கள். தேய்த்த இடத்தில் மறுபடி ஒரு சொட்டு விடுங்கள். என்ன ஆகிறது? சொட்டு தட்டையாகப் படர்கிறது. இலையைச் சாய்த்தாலும் ஒட்டிக்கொள்கிறது. இதை மறக்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும். முடிந்ததும் கையைக் கழுவுங்கள். சேம்பின் பால் பட்டால் அரிக்கும்.

ஏன் இப்படி நடக்கிறது? தண்ணீரின் துகள்களுக்கு ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. அவற்றை மூலக்கூறுகள் என்கிறோம். பருத்தியும் காகிதமும் தண்ணீரைத் தம் பக்கம் இழுக்கும். அதனால் சொட்டு பரவுகிறது. மெழுகு இழுப்பதில்லை. அதனால் தண்ணீர் தன் துகள்களோடேயே சேர்ந்துகொண்டு உருண்டையாக நிற்கிறது. புரிகிறதா?

சேம்பு இலையிலும் தாமரை இலையிலும் மெழுகு இருக்கிறது. அது பாதிக் கதைதான். தாமரை இலையின் மேற்புறம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத மேடுகள். ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக வெட்டினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் ஒரு மேட்டின் அகலம். ஒவ்வொரு மேட்டின் மேலும் அதைவிட மிகச் சிறிய மெழுகுக் குழல்கள். சொட்டு அந்த மேடுகளின் உச்சிகளை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அதற்கு அடியில் இருப்பதெல்லாம் காற்று! மெழுகு, மேடு, காற்று, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் தாமரையின் தந்திரம்.

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏன் ஒட்டவில்லை என்று துருவிப் பார்த்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட். 1970-களில் அவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நுண்ணோக்கியில் வைக்குமுன் இலையைக் கழுவித் தூசி போக்க வேண்டும். ஆனால் சில இலைகளுக்கு மட்டும் கழுவும் வேலையே இல்லை. எப்போதும் சுத்தமாகவே இருந்தன. வழவழப்பான இலைகள்தான் சுத்தமாக இருக்கும் என்று நாம் நினைப்போம். அவர் கண்டது நேர்மாறு. சொரசொரப்பான இலைகளில்தான் அழுக்கே இல்லை. உருண்டோடும் தண்ணீர் தூசியையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது!

1997-ல் அவரும் கிறிஸ்டோஃப் நைன்ஹுய்ஸ் என்பவரும் இதை விரிவான ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதற்கு முன்பே பார்த்லாட் காப்புரிமைக்கும் விண்ணப்பித்திருந்தார்.

காப்புரிமை என்றால் என்ன? கவனமாகக் கேளுங்கள்.

உங்கள் பாட்டி போடும் மாவடுவுக்கு ஊரிலேயே பெயர் என்று வைத்துக்கொள்வோம். பாட்டிக்கு இரண்டு வழி இருக்கிறது. பக்குவத்தை யாருக்கும் சொல்லாமல் தன்னோடேயே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், எத்தனை படி வடுவுக்கு எவ்வளவு உப்பு, எத்தனை நாள் ஊற வேண்டும் என்று ஒன்றுவிடாமல் எழுதி, ஊர் பார்க்கும்படி ஒட்டிவிடலாம். அப்படி ஒட்டினால் ஊர் பாட்டிக்கு ஒரு வாக்குக் கொடுக்கும். "பாட்டி, எல்லாரும் இதைப் படிக்கலாம். ஆனால் 20 வருஷத்துக்கு உங்களைக் கேட்காமல் யாரும் இந்த முறையில் மாவடு போட்டு விற்கக் கூடாது. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் போடலாம்."

காப்புரிமை அதுதான். கண்டுபிடித்தவர் எல்லாவற்றையும் திறந்து எழுத வேண்டும். பதிலுக்கு அரசு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அவருக்கு உரிமை தருகிறது. இந்தியாவிலும் அதே 20 ஆண்டுதான். மூன்று கேள்விகளில் தேறினால்தான் கிடைக்கும். இது புதியதா? அந்தத் தொழில் தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றிவிடாத யோசனையா? தொழிலில் பயன்படுத்த முடியுமா?

அப்படியானால் தாமரை இலைக்குக் காப்புரிமை கிடைக்குமா? யோசித்துப் பாருங்கள்.

கிடைக்காது! தாமரை யாரும் செய்ததில்லை. இயற்கையில் இருப்பதைக் கண்டெடுத்தால் மட்டும் போதாது என்று நம் 1970-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமும் சொல்கிறது. ஆனால் அந்த மேடு பள்ளத்தைப் பார்த்து, மனிதன் செய்யும் பொருளின் மேல் அதேபோல ஒரு பரப்பை உண்டாக்கும் வழியைக் கண்டால், அந்த வழிக்குக் கேட்கலாம். பார்த்லாட் கேட்டது அதைத்தான்.

அவர் சொன்னதை முதலில் பல தொழில்காரர்கள் நம்பவில்லை. அவர் ஒரு ஸ்பூன் செய்தார். அதன் பரப்பில் நுண்ணிய மேடுகள். தேனில் முக்கி எடுத்தால், தேன் ஒரு துளியும் ஒட்டாமல் வழிந்துவிடும். அதைப் பார்த்த பிறகுதான் பெரிய நிறுவனங்கள் அவரோடு பேச உட்கார்ந்தன. 1999-ல் வீட்டுச் சுவருக்கான பெயின்ட் வந்தது. மழை பெய்தால் அழுக்கைத் தானே உதறிக்கொள்ளும் பெயின்ட்.

சரி, சுவர் இருக்கட்டும். நமக்குத் துணிதானே முக்கியம்?

இங்கேதான் உங்கள் கட்டைவிரல் சோதனை வருகிறது. தேய்த்ததும் சேம்பு இலை தன் திறமையை இழந்தது அல்லவா? உயிருள்ள இலை புதிதாக மெழுகைச் சுரந்து சரிசெய்துகொள்ளப் பார்க்கும். சட்டையால் முடியாது. துவைக்கிறோம், பிழிகிறோம், பை மாட்டித் தோளில் உரசுகிறோம். மேடு தேய்ந்தால் தேய்ந்ததுதான். தண்ணீரைத் தள்ளும் துணியைச் செய்வது அவ்வளவு கஷ்டமில்லை. பல தடவை துவைத்த பிறகும் தள்ளுகிற துணியைச் செய்வதுதான் கஷ்டம். இந்தத் துறையில் வரும் காப்புரிமைகளில் எத்தனையோ இந்த ஒரே தொல்லையோடு மல்லுக்கட்டுபவை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. துணி ஏற்கெனவே மேடு பள்ளமாகத்தான் இருக்கிறது. நூல், நூலுக்குள் இழை, இழைக்கு நடுவே காற்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளித் தொழிலுக்கான ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த கேசி, பாக்ஸ்டர் என்ற இருவர் 1944-லேயே இதற்குக் கணக்குப் போட்டார்கள். இழைகளுக்கு நடுவில் காற்று சிக்கியிருந்தால் சொட்டு எவ்வளவு உருண்டு நிற்கும் என்பது அந்தக் கணக்கு. வாத்தின் இறகையும் அவர்கள் விடவில்லை. அதையும் ஆராய்ந்தார்கள்.

கணக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே மனிதர்கள் துணியோடு போராட ஆரம்பித்துவிட்டார்கள். 1823-ல் கிளாஸ்கோ நகரத்தின் சார்ல்ஸ் மெக்கின்டாஷ், நாப்தா என்ற எண்ணெயில் ரப்பரைக் கரைத்தார். இரண்டு துணிகளுக்கு நடுவே அந்தக் கரைசலைத் தடவி ஒட்டினார். காப்புரிமையும் வாங்கினார். மழை உள்ளே வரவில்லை. ஆனால் வியர்வை வெளியே போகவும் இல்லை! குளிரில் அந்தக் கோட்டு விறைத்துக்கொண்டது, வெயிலில் பிசுபிசுத்தது, வாடை வேறு. தண்ணீரை அடியோடு அடைத்துவிடுவது மட்டும் விடையாகாது என்று அதிலிருந்தே தெரிந்துவிட்டது.

அடுத்து நான் ஆசையோடு சொல்ல வருவது பாட்ஸி ஷெர்மன் என்ற பெண்மணியின் கதை. அமெரிக்காவில் அவர் பள்ளியில் படித்தபோது, யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று ஒரு தேர்வு வைத்தார்கள். பெண்களுக்கான வினாத்தாளை எழுதினார். "வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று முடிவு வந்தது. அவர் விடவில்லை. ஆண்களுக்கான தாளையே கொடுங்கள் என்று வாங்கி எழுதினார். பல் மருத்துவமோ வேதியியலோ பொருந்தும் என்று வந்தது! வேதியியல் படித்து, மின்னசோட்டாவில் 3எம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

1953-ல் அங்கே விமான எரிபொருள் குழாய்களுக்காகப் புது வகை ரப்பர் தேடிக்கொண்டிருந்தார்கள். உதவியாளர் ஒருவரின் கேன்வாஸ் ஷூவில் கரைசல் சிந்திவிட்டது. சோப்புப் போட்டார்கள், வேறு திரவங்களை ஊற்றினார்கள். அது போகவே இல்லை. ஊற்றியதெல்லாம் உருண்டு விழுந்தது. எரிச்சல்பட்டு ஷூவைத் தூக்கிப் போட்டிருக்கலாம். ஷெர்மன் அந்த இடத்தையே உற்றுப் பார்த்தார். துணியைக் காக்க இதுவே உதவாதா என்று கேட்டார். அவரும் உடன் வேலை பார்த்த சாமுவேல் ஸ்மித்தும் சேர்ந்து உழைத்ததில் 1956-ல் ஸ்காட்ச்கார்ட் என்ற துணிப் பூச்சு கடைக்கு வந்தது. துணி ஆலையில் அதைச் சோதித்தபோது, பெண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்று அவரை வாசலிலேயே நிற்க வைத்தார்களாம். தன் கண்டுபிடிப்பின் சோதனை முடிவு தெரிய அவர் வெளியே காத்திருந்தார். இதை எழுதும்போதுகூட எனக்கு மனசு ஆறவில்லை. பின்னாளில் அமெரிக்காவின் கண்டுபிடிப்பாளர்கள் பெருமைப் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது.

களைத்துவிட்டீர்களா? இன்னும் ஒரு கதை இருக்கிறது. அதில் வழக்கு, நீதிமன்றம் எல்லாம் வரும்.

1969-ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பாப் கோர் என்பவர், தோசைக்கல்லில் பூசுகிற டெஃப்லான் வகைப் பொருளை இழுத்து நீட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். சூடாக்கி, மெல்ல மெல்ல இழுத்தால் அறுந்து போயிற்று. திரும்பத் திரும்ப அதே கதி. கோபத்தில் வெடுக்கென்று ஒரே இழுப்பு இழுத்தார். அறுபடவில்லை! பல மடங்கு நீண்டது. உள்ளே கோடிக்கணக்கான நுண்துளைகள் விழுந்திருந்தன. மழைச் சொட்டு நுழைய முடியாத அளவு சின்னவை. ஆனால் வியர்வையின் ஆவி தாராளமாக வெளியேறும். கோர்-டெக்ஸ் மழைக்கோட்டு பிறந்தது அப்படித்தான்.

1970-ல் விண்ணப்பித்து, 1976-ல் காப்புரிமை பெற்றார். பிறகு ஒரு சிக்கல். நியூசிலாந்தில் ஜான் குரோப்பர் என்பவர் 1966-லேயே இதே பொருளை நீட்டும் இயந்திரம் செய்திருந்தார்! ஆனால் அவர் காப்புரிமைக்குப் போகவில்லை. முறையை இரகசியமாக வைத்து, இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தோடு ஒரு நிறுவனத்துக்கு விற்றார். வேறொரு நிறுவனத்தோடு கோருக்கு வழக்கு வந்தபோது, "குரோப்பர் முன்பே செய்துவிட்டாரே, கோரின் காப்புரிமை எப்படிச் செல்லும்?" என்று எதிர்த்தரப்பு கேட்டது.

நீங்கள் நீதிபதியாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? அவசரப்படாமல் யோசியுங்கள்.

1983-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது. முறையை மறைத்து வைத்தவர் உலகத்துக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. கோர் தாமதிக்காமல் விண்ணப்பித்து எல்லாவற்றையும் வெளியே எழுதினார். மறைந்து கிடந்ததைக் காட்டி அவருடைய உரிமையைப் பறிக்க முடியாது. குரோப்பருக்காக வருத்தமாக இருக்கிறது, இல்லையா? எனக்கும்தான். ஆனாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். எழுதி வைத்ததால்தான் அடுத்த பிள்ளைகள் அதைப் படித்து இன்னொரு படி ஏற முடிகிறது.

இப்போது கொடியில் தொங்கும் சட்டைகளைப் பார்ப்போம்.

சாதாரணக் காற்றிலேயே 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தை உள்ளுக்குள் வைத்திருக்கும். 100 கிராம் பாலியஸ்டர் அரை கிராமைக்கூட வைத்திருக்காது. பருத்தியில் தண்ணீர் இழைக்கு உள்ளேயே புகுந்துவிடுகிறது. பாலியஸ்டரில் இழைகளுக்கு நடுவே மட்டும் நிற்கிறது. ஒவ்வொரு கிராம் தண்ணீரும் ஆவியாக வெப்பம் தேவை. உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ, அவ்வளவு நேரம். ஜெர்சி ஏன் முந்திக்கொள்கிறது என்று இப்போது தெரிகிறதா?

அப்படியானால் பருத்தி முழுவதையும் தண்ணீர் ஒட்டாமல் செய்துவிட்டால்? உடனே தோன்றும் யோசனைதான். ஆனால் ஓடி விளையாடும்போது வியர்வை எங்கே போகும்? துணி உறிஞ்சாது, உடம்பிலேயே வழியும். நசநசவென்று இருக்கும்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் காட்டன் இன்கார்ப்பரேட்டட் என்ற பருத்தி ஆராய்ச்சி அமைப்பு இருக்கிறது. அங்கே ஓர் அழகான வழி கண்டார்கள். பருத்தித் துணியின் உட்புறத்தில், உடம்பைத் தொடும் பக்கத்தில், தண்ணீரைத் தள்ளும் பொருளை அச்சடித்தார்கள். முழுவதும் அல்ல, நடுநடுவே இடைவெளி விட்டு. வியர்வை அந்த இடைவெளிகள் வழியாக மட்டும் புகுந்து, வெளிப்பக்கம் போய்ப் பரவி, காற்றில் காய்கிறது. அச்சடித்த இடங்கள் தண்ணீரைப் பிடித்து வைக்காததால், துணி சுமக்கும் ஈரமும் குறைவு. அதற்குக் காப்புரிமையும் பெற்றார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். பொருள் பழையது. அதை எங்கே வைப்பது, எங்கே வைக்காமல் விடுவது என்பதில்தான் புதுமை.

திருப்பூரில் இருக்கும் சுட்டிகளே, உங்கள் ஊர்ப் பதனிடும் ஆலைகளிலும் இந்த வேலையைப் பார்க்கலாம். துணி ஒரு தொட்டியில் கரைசலில் முங்கி வரும். இரண்டு உருளைகள் அதைப் பிழியும். பிறகு ஸ்டென்டர் என்ற நீண்ட சூட்டு இயந்திரத்துக்குள் போகும். சுமார் 150 டிகிரி வெப்பத்தில் அந்தப் பூச்சு இழையோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அப்பாவோ அம்மாவோ அங்கே வேலை பார்த்தால் கேட்டுப் பாருங்கள்.

ஒரு கவலையான விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஸ்காட்ச்கார்டும், பின்னால் வந்த பல பூச்சுகளும் ஃபுளோரின் கலந்த வேதிப்பொருள்களால் ஆனவை. தண்ணீரையும் எண்ணெயையும் அவை போலத் தள்ளுவது வேறில்லை. ஆனால் அவை மண்ணிலும் தண்ணீரிலும் மக்குவதே இல்லை. மனிதர்களின் ரத்தத்திலும் காட்டு விலங்குகளின் உடம்பிலும்கூட அவற்றைக் கண்டுபிடித்தார்கள். 2000-ல் 3எம் நிறுவனமே பழைய பொருளின் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2009-ல் உலக நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அந்த வகை வேதிப்பொருள் ஒன்றைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. மெழுகு, சிலிக்கோன் போன்றவற்றை வைத்து இப்போது புதுப் பூச்சுகள் செய்கிறார்கள். தண்ணீரை அவை நன்றாகவே தள்ளுகின்றன. எண்ணெய் பட்டால்தான் தோற்றுப் போகின்றன. எண்ணெயையும் தள்ளி, பல துவைப்பும் தாங்கி, மண்ணில் மக்கியும் போகிற பூச்சு யார் கையில் பிறக்கப் போகிறதோ, அவருக்காக உலகம் காத்திருக்கிறது. அது உங்களில் ஒருவராக இருக்கட்டும் என்பது என் ஆசை.

அப்படி ஏதாவது தோன்றினால் என்ன செய்ய வேண்டும்? ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். எது பலித்தது, எது பலிக்கவில்லை, இரண்டையும் எழுதுங்கள். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் ஆசிரியரோடு உட்கார்ந்து தேடுங்கள். வேறு யாராவது முன்பே செய்திருக்கிறார்களா என்று பார்க்கக் கட்டணம் இல்லை. காலம் முடிந்த காப்புரிமைகளில் இருக்கும் முறைகளை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உண்மையிலேயே புது யோசனை என்றால், பள்ளி அறிவியல் கண்காட்சியில் வைப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். எல்லாரும் பார்த்துவிட்ட ஒன்றைப் "புதியது" என்று பிறகு சொல்வது கடினம். எல்லாச் சோதனையும் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தற்காலிக விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, முழு விவரத்தை 12 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் போய்ச் சேரும் அலுவலகம் சென்னை கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது.